பூவில் மழை, காயில் காற்று: மாந்தோப்புக்குத் தேவை இன்னொரு ஆப் அல்ல, ஓர் ஆள்!

சித்திரை, வைகாசி வந்தால் டிவி ஸ்க்ரோலிங்கில் தவறாமல் ஓடும் வரி ஒன்று உண்டு. 'அடுத்த 3 மணி நேரத்தில் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இடி, மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு'. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூருக்கோ சென்ட்ரலுக்கோ வேலைக்குப் போகிறவருக்கு அதன் அர்த்தம் சிம்பிள். பையில் குடை இருக்கா, ஸ்டேஷனில் விட்ட பைக் நனையுமா, அவ்வளவுதான்.

அதே மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்த வரி வேறு மாதிரி கேட்கும். மரத்தில் தொங்குவது அவருடைய ஒரு வருஷ வருமானம். காற்று வருவதற்குள் பறிக்கணுமா, இன்னும் நாலு நாள் விடலாமா? பறிப்பதென்றால் ஆள் பிடிக்கணும், வண்டி பேசணும், மண்டியில் விலை கேட்கணும். 3 மணி நேரத்தில் இது எதுவும் நடக்காது. 3 நாள் முன்னாடி தெரிந்தால் நடக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப நாட்டில் தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வேகமாக வளர்ந்தும் இருக்கிறது. ஆனா அந்தத் தகவலை எடுத்து, 'உங்க தோப்பில் இந்த வாரம் இதைச் செய்யுங்க' என்று சொல்ல மாவட்ட அளவில் இருந்த ஆளை 2024-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணிப்பு பெரிதாகிக்கொண்டே போகும்போது, அதை விவசாயிக்குச் சொல்லும் கடைசி ஆளைக் குறைத்தது தவறான முடிவு. ஏன் தவறு என்று பார்க்கலாம்.

இளவேனில் என்றால் பனியா, காற்றா?

உலகத்தில் பழ விவசாயிகளுக்கான வானிலை முன்னறிவிப்பு பெரும்பாலும் உறைபனியை மையமாக வைத்தே வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்காக அமெரிக்க வானிலைத் துறை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தனியாகப் பனி எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. ஃபிளாய்ட் யங் என்ற வானிலையாளர் ரேடியோவில் சொல்லும் இரவு வெப்பநிலையைக் கேட்டுத்தான் தோட்டக்காரர்கள் மரங்களுக்கு நடுவே அடுப்பு மூட்டுவதா, தூங்கப் போவதா என்று முடிவு செய்தார்கள்.

2021 ஏப்ரலில் பிரான்சில் நடந்தது இன்னும் நினைவிருக்கலாம். மார்ச் இறுதி வெயிலில் முன்கூட்டியே துளிர்த்த திராட்சையும் பழ மரங்களும், அடுத்த சில நாள் உறைபனியில் கருகின. காப்பாற்ற இரவு முழுக்கத் தோட்டங்களில் தீ மூட்டி வைத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் தோட்டங்களுக்கு பூக்கும் நேரத்துக் குளிரும் ஆலங்கட்டியும் இன்றைக்கும் பெரிய பயம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் உறைபனி கிடையாது. அதனால் இங்கே 'ஸ்பிரிங் ஃபோர்காஸ்ட்' எதற்கு என்று தோன்றலாம். இங்கே ஆபத்தின் பெயர்தான் வேறு. பூ நேரத்தில் மேகமூட்டமும் தூறலும், காய் நேரத்தில் சூறைக்காற்று. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம் இருக்கும் மாந்தோப்புகளுக்கும், வேப்பம்பட்டைச் சுற்றி வீட்டு மனைகளுக்கு இடையே இன்னும் மிச்சமிருக்கும் சின்னத் தோட்டங்களுக்கும் இது பொது.

எந்த மாதம், எந்த வானிலை?

மாமரத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், 'மழைக்கு வாய்ப்பு' என்ற ஒரே செய்தி ஒவ்வொரு மாதமும் எப்படி வேறு வேறு அர்த்தம் எடுக்கிறது என்று புரியும்.

* மார்கழி, தை: பூ எடுக்கும் நேரம். இதற்குக் குளிர்ந்த, வறண்ட இரவுகள் வேணும். வடகிழக்குப் பருவமழை இழுத்துக்கொண்டே போனால் மரம் பூவுக்குப் பதிலாக இலைத் துளிரை விடும். அந்த வருஷக் காய்ப்பு அங்கேயே குறைந்துவிடும்.

* தை, மாசி: பூ விரியும் நேரம். கொட்டுகிற மழை கூட வேண்டாம். சின்னத் தூறல், மேகமூட்டம், காலை மூடுபனி போதும். சாம்பல் நோய் பூங்கொத்தில் வெள்ளைப் பொடியாகப் படரும். ஈரம் நீடித்தால் ஆந்த்ரக்னோஸ் நோய் பூவைக் கருக்கும். தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும். மழை மகரந்தத்தைக் கழுவிவிடும். மகரந்தச் சேர்க்கைக்கு வரும் ஈக்களும் தேனீக்களும் அன்றைக்கு வராது.

* பங்குனி: பட்டாணி அளவில் இருந்து கோலிக்குண்டு அளவுக்குக் காய் வளரும் நேரம். பிஞ்சு உதிர்வது இயற்கை. ஆனா திடீர் வெப்பமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் அளவுக்கு மீறி உதிரும். தண்ணீர் பாய்ச்சுவதா, மழை வருமா என்பது அந்த வாரத்துக் கேள்வி.

* சித்திரை, வைகாசி: காய் முற்றும் நேரம். மாலை இடிமழையோடு வரும் காற்று ஒரு மணி நேரம் வீசினால் போதும். கீழே விழுந்து அடிபட்ட பங்கனப்பள்ளியைப் பழக்கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஊறுகாய்க்கும் கூழுக்கும் அடிமாட்டு விலையில் போகும். மழைக்குப் பிறகு பழ ஈ பெருகும் தலைவலி தனி.

இதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவைக் கேட்கிறது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் தெளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளித்த கொஞ்ச நேரத்தில் மழை வந்தால் மருந்தும் கூலியும் வீண். உச்சி வெயிலில் தெளித்தால் பூவே கருகும். காற்று அதிகமாக இருந்தால் மருந்து பக்கத்து நிலத்துக்குப் போகும். பூ முழுசாக விரிந்த நாளில் பூச்சிமருந்து அடித்தால் தேனீ சாகும். ஆக, 'நாளைக்குக் காலையில் மருந்து அடிக்கலாமா?' என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம், பூவின் நிலை என ஐந்து விஷயம் தெரியணும்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிறைய மாந்தோப்புகள் பூவிலோ பிஞ்சிலோ இருக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகை போய்விடும். அன்றைக்குப் பேசும் விலை, வரப்போகும் வானிலை பற்றி இரண்டு பேரும் வைக்கும் பந்தயம்தான். அந்தப் பந்தயத்தில் ஒருவருக்குத் தகவல் இருந்து இன்னொருவருக்கு இல்லை என்றால், விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

வேப்பம்பட்டு: போனில் சென்னை, வானத்தில் வேற ஊர்

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. சென்ட்ரலிலிருந்து சுமார் 35 கி.மீ. ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் அது சென்னை. போனில் வானிலை ஆப்பைத் திறந்தாலும் பல நேரம் 'சென்னை' என்றே காட்டும். டிவியில் சொல்லும் சென்னை வெப்பநிலை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்தது. ஆனா கோடைக்காலத்தில் நுங்கம்பாக்கத்து வானமும் வேப்பம்பட்டு வானமும் ஒன்றல்ல.

காரணம் கடல் காற்று. கோடையில் நண்பகலை ஒட்டி வங்கக்கடலில் இருந்து குளிர்ந்த காற்று கரைக்குள் நுழையும். மெரினா பக்கம் வெயில் தணியும்போது ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடல் காற்று உள்ளே வர இன்னும் தாமதமாகும். அதனால்தான் மே மாதத்தில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கையான செய்தி.

ஈரமான கடல் காற்றும் சூடான மேற்குக் காற்றும் மோதும் கோட்டில்தான் இடிமேகம் எழும்பும். அந்தக் கோடு ஒரு நாள் ஆவடி மேல் நிற்கும், இன்னொரு நாள் திருவாலங்காடு மேல் நிற்கும். இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். பூந்தமல்லியில் கொட்டும்போது வேப்பம்பட்டில் தூசு மட்டும் பறப்பதும், வேப்பம்பட்டில் கிளை முறியும்போது அண்ணாநகரில் நட்சத்திரம் தெரிவதும் இதனால்தான்.

இந்த மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,400 சதுர கி.மீ. ஒரு முனையில் பழவேற்காடு கடற்கரை, மறுமுனையில் பள்ளிப்பட்டு மலையடிவாரம். மொத்தம் 14 ஒன்றியங்கள். இத்தனைக்கும் சேர்த்து 'திருவள்ளூர் மாவட்டத்தில் மழை' என்று ஒரே வரியில் சொன்னால், தோப்புக்காரர் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்?

'ஓரிரு இடங்களில்' என்றால் என்ன?

வானிலை அறிக்கையில் வரும் சில சொற்களுக்குக் கறாரான அர்த்தம் உண்டு. பலருக்கு அது தெரியாது.

* ஓரிரு இடங்களில்: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம்.
* சில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம் வரை.
* பல இடங்களில்: 51 முதல் 75 சதவீதம் வரை.
* பெரும்பாலான இடங்களில்: அதற்கு மேல்.

அதாவது 'ஓரிரு இடங்களில் மழை' என்றால், நான்கில் மூன்று இடங்களாவது நனையாமல் இருக்கும் என்பதும் அதே அறிக்கையின் அர்த்தம். மழை வராத இடத்துக்காரர் 'ரமணன் காலத்திலிருந்தே இப்படித்தான்' என்று கிண்டல் அடிப்பார். கணிப்பு தப்பவில்லை, அதை எப்படிப் படிக்கணும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்து, எச்சரிக்கையின் அளவுகோல். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தாண்டினால்தான் 'கனமழை'. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலெர்ட் எல்லாம் வெள்ளம், போக்குவரத்து, உயிர்ச்சேதம் போன்றவற்றை மனதில் வைத்து உருவானவை. அது நியாயம்தான். ஆனா மாம்பூவுக்கு அரை செ.மீ. மழையும் அதைத் தொடர்ந்து இரண்டு நாள் மேகமூட்டமும் போதும், சேதம் நடந்துவிடும். தை மாதத்தில் அப்படி ஒரு தூறல் வந்தால் எந்த மேப்பிலும் எந்தக் கலரும் மாறாது. ஊருக்கு அது ஜில்லென்று ஒரு நாள். தோப்புக்கு அது ரெட் அலெர்ட்.

கணிப்பு முன்னேறவே இல்லையா?

அப்படிச் சொன்னால் அது அநியாயம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2 ஆண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே மாதம் புனேவிலும் நொய்டாவிலும் 'அர்கா', 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் தொடங்கிவைக்கப்பட்டன. 2024 அக்டோபரில் பஞ்சாயத்து வாரியான வானிலை முன்னறிவிப்பு அறிமுகமானது. 'மேரி பஞ்சாயத்து' ஆப்பில் எந்த ஊராட்சிக்கும் 5 நாள் கணிப்பைப் பார்க்கலாம். 2025 மே மாதம் 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' வந்தது. அதுவரை 12 கி.மீ. கட்டங்களாகப் பூமியைப் பிரித்துக் கணித்த மாடல், இப்போது 6 கி.மீ. கட்டமாகப் பிரிக்கிறது.

எளிமையாகச் சொன்னால், ஒரு கட்டத்தின் பரப்பு 144 சதுர கி.மீட்டரிலிருந்து 36-ஆகக் குறைந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் முன்பு சுமார் 24 கட்டம். இப்போது சுமார் 95 கட்டம். பெரிய முன்னேற்றம்தான்.

மாநில அளவிலும் வேலை நடக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியிருக்கிறது. 2021 டிசம்பர் 30-ம் தேதி சென்னையில் யாரும் எதிர்பாராமல் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு, முன்னறிவிப்பு போதவில்லை என்று முதல்வர் ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார். அடுத்து வந்த 2022 பட்ஜெட்டில் ரேடார்கள், தானியங்கி வானிலை நிலையங்கள், மழைமானிகள் வாங்க மாநில அரசு தனியாக நிதி அறிவித்தது.

இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. 36 சதுர கி.மீ. கட்டத்துக்குள்ளும் இடிமேகம் எந்தத் தோப்பு மேல் நிற்கும் என்று 3 நாள் முன்னாடி எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. 'வியாழன் முதல் சனி வரை மாலைக் காற்றுக்கு வாய்ப்பு அதிகம்' என்று சொல்ல முடியும். மழை வருமா வராதா என்ற பதிலை விட, எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்ற பதில்தான் விவசாயிக்குக் கிடைக்கக்கூடியது. அந்தப் பதிலைத் தோப்போடு பொருத்திப் பேச ஓர் ஆள் வேணும்.

அந்த ஆள் எங்கே போனார்?

இந்திய வானிலை ஆய்வு மையம் 'கிராமின் கிருஷி மௌசம் சேவா' என்ற திட்டத்தில் வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை வெளியிடுகிறது. அடுத்த 5 நாள் மழை, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம், ஈரப்பதம், காற்று, மேகமூட்டம் எல்லாம் அதில் இருக்கும். நாடு முழுக்க சுமார் 130 வேளாண் வானிலைப் பிரிவுகள் இதைத் தயாரிக்கின்றன. ஒரு பிரிவுக்குப் பல மாவட்டங்கள்.

தமிழகத்தின் வடகிழக்கு மண்டலத்துக்கான பிரிவு காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லிக்காரர்கள் உடனே 'நம்ம காட்டுப்பாக்கமா?' என்று கேட்கலாம். இல்லை. இது காட்டாங்கொளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கம்.

பல மாவட்டத்துக்கு ஒரு பிரிவு போதாது என்பதால்தான் 2018 முதல் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. மாவட்டங்களில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்குள்ளேயே, அதாவது கேவிகே-க்களுக்குள்ளேயே, இவை இயங்கின. ஒரு வானிலை நிபுணர், ஓர் உதவியாளர். மொத்தம் 199 மாவட்டங்களில் இவை வந்தன. ஒன்றிய வாரியாகக் கணிப்பை எடுத்து, அந்த ஊர்ப் பயிரின் நிலைக்கு ஏற்ப உள்ளூர் மொழியில் எழுதி, வாட்ஸ்அப் குரூப்களில் போட்டு, போன் வந்தால் பதில் சொல்வது அவர்கள் வேலை. 'சார், பூ பாதி விரிஞ்சிருக்கு, மருந்து அடிக்கலாமா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார்.

2024 ஜனவரியில் உத்தரவு வந்தது. அந்த நிதியாண்டு முடிவதற்குள், அதாவது மார்ச் மாதத்தோடு, 199 பிரிவுகளும் மூடப்பட்டன. தகவல் சேகரிப்பு தானியங்கியாகிவிட்டதால் ஆட்கள் தேவையில்லை என்பது அப்போது முன்வைக்கப்பட்ட வாதம்.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். மார்ச்சில் 199 பிரிவுகள் மூடல். செப்டம்பரில் 2,000 கோடி. அக்டோபரில் பஞ்சாயத்து வாரியான கணிப்பு. ஒரே ஆண்டில், தகவலை உற்பத்தி செய்யும் பக்கத்தில் பணம் குவிந்தது; அதை விவசாயியிடம் கொண்டுபோகும் பக்கம் மூடப்பட்டது.

'தானியங்கி' என்ற வாதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. மழையை அளப்பது தானியங்கியாகலாம். 'மழை 4 மி.மீ., ஈரப்பதம் 88 சதவீதம், காற்று 9 கி.மீ.' என்ற எண்களைப் பார்த்து, 'தத்துப்பூச்சிக்கு இந்த வாரம் மருந்து வேண்டாம், திங்கட்கிழமை பூங்கொத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்' என்று சொல்வது அளவீடு இல்லை. அது ஆலோசனை. டெஸ்ட் ரிப்போர்ட் மெயிலில் வந்துவிடுகிறது என்பதற்காக டாக்டர் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

'அதான் ஆப் இருக்கே?'

நியாயமான கேள்வி. மேக்தூத் ஆப் இருக்கிறது. மௌசம் ஆப் இருக்கிறது. மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி ஆப் இருக்கிறது. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் எளிய மொழியில் எழுதுகிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். இவர்களால் வானிலையைப் பற்றிய பொது அறிவு நிச்சயம் கூடியிருக்கிறது.

ஆனா ஆர்வலர்களுக்குப் பெரும்பாலும் நகரவாசிகள்தான் வாசகர்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி 'நாளைக்கு ஸ்கூல் லீவா?' என்பது. ஆப்களோ எண்களைத் தருகின்றன. தோப்பில் பூ எந்த நிலையில் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. ஐந்து ஆப் ஐந்து விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்றும் அவை சொல்லாது. தப்பான ஆலோசனை வந்தால் திரும்பப் போன் போட்டு, 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்க ஆளில்லாத இடத்தில் நம்பிக்கை வளராது.

தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் பலன் இருக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வு மன்றமான என்சிஏஇஆர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மானாவாரி விவசாயிகளிடம் கேட்டபோது 98 சதவீதம் பேர் வானிலை ஆலோசனையை வைத்துத் தங்கள் வேலையில் ஏதாவது ஒரு மாற்றமாவது செய்ததாகச் சொன்னார்கள். விவசாயிகள் கணிப்பை நம்ப மாட்டார்கள் என்பது ஏசி ரூமில் பிறந்த கற்பனை. அவர்களுக்கு உபயோகப்படும்படி சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

தனியார் செய்யட்டுமே என்ற யோசனையும் புதுசு இல்லை. அமெரிக்கா 1996-ல் அதைத்தான் செய்தது. பனி எச்சரிக்கை உட்பட விவசாயத்துக்கான தனிச் சேவைகளைத் தேசிய வானிலைத் துறை நிறுத்தியது. வேண்டியவர்கள் தனியாரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர் சந்தா கட்டுவார். ரெண்டு ஏக்கர் மாந்தோப்புக்காரர் எதைக் கட்டுவார்? வானிலைத் தகவலும் தெருவிளக்கு மாதிரி. காசு கட்டியவர் வாசலில் மட்டும் எரிந்தால் அதற்குப் பெயர் தெருவிளக்கு இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கர்நாடகத்தில் மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஊராட்சி அளவில் 6,000-க்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. 'வருணமித்ரா' என்ற 24 மணி நேர உதவி எண்ணையும் நடத்துகிறது. விவசாயி போன் செய்து ஊர்ப் பெயரைச் சொன்னால், மறுமுனையில் ஒரு மனிதர் கன்னடத்தில் பதில் சொல்வார். கருவியும் ஆளும் சேர்ந்தே இருக்கணும் என்பதைப் புரிந்துகொண்ட அமைப்பு அது.

தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடும் மாநிலம். மொத்தம் 38 மாவட்டம். மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்றால் 76 வேலை. ஒரு மாநில அரசுக்கு இது தாங்க முடியாத செலவு இல்லை.

இடமும் தேட வேண்டாம். வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் செவ்வாப்பேட்டை. அந்தப் பக்கம் இருக்கும் திரூரில்தான் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. 'டிகேஎம்' என்று பெயர் தொடங்கும் நெல் ரகங்கள் பிறந்த ஊர் அது. நிலம், கட்டடம், விஞ்ஞானிகள், விவசாயிகளோடு பல வருஷப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. தினமும் காலையில் கணிப்பைத் திறந்து, 14 ஒன்றியத்துக்கும் பிரித்துச் சொல்வதற்கென்றே ஒரு பதவி நிரந்தரமாக இருக்கணும், அவ்வளவுதான்.

என்ன செய்யணும்?

ஒன்று, ஆளைத் திரும்பக் கொண்டு வரணும். மத்திய அரசு மாவட்டப் பிரிவுகளை மீண்டும் திறக்கணும். தாமதமானால் மாநில அரசு தன் பட்ஜெட்டில் தொடங்கணும். இந்த முறை ஆண்டுதோறும் நீட்டிக்கும் ஒப்பந்த வேலையாக இல்லாமல் நிரந்தரப் பணியாக. விவசாயியின் நம்பிக்கையைச் சம்பாதிக்க ரெண்டு, மூணு சீசன் ஆகும். அதற்குள் ஆள் மாறினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கணும்.

இரண்டு, பயிருக்கு ஏற்ற எச்சரிக்கை வேணும். பூக்கும் மாதங்களில் தூறலும் மேகமூட்டமும், காய் மாதங்களில் காற்றும் தனி அலெர்ட்டாக வரணும். 6.45 செ.மீ. தாண்டினால்தான் பேசுவேன் என்ற அளவுகோல் நகரத்துக்குச் சரி, தோப்புக்கு ஆகாது.

மூன்று, முடிவைச் சொல்லும் தமிழ் வேணும். 'மேகமூட்டத்துடன் காணப்படும்' என்பதோடு நிறுத்தாமல், 'வியாழன் வரை தெளிக்காதீங்க', 'முற்றிய காயை வெள்ளிக்கு முன் பறிச்சிடுங்க' என்று சொல்லணும். அதுவும் ஆடியோவாக வந்தால் இன்னும் நல்லது.

நான்கு, மார்க் ஷீட்டை வெளியிடணும். சீசன் முடிந்ததும் ஒன்றிய வாரியாக எத்தனை கணிப்பு பலித்தது, எத்தனை தப்பியது என்று பொதுவில் போடணும். தப்பியதை மறைக்காமல் காட்டும் அமைப்பை மக்கள் அதிகம் நம்புவார்கள்.

ஐந்து, புறநகரை விட்டுவிடக் கூடாது. வேப்பம்பட்டு போன்ற ஊர்கள் நகரக் கணிப்பிலும் முழுசாக வராது, கிராமத் திட்டங்களிலும் மெல்ல நழுவும். மனைப்பிரிவு வந்துவிட்டது என்பதற்காக அங்கே மிச்சமிருக்கும் தோட்டக்காரர் விவசாயி இல்லை என்று ஆகிவிடாது.

சாப்பிடுகிறவருக்கு இதில் என்ன?

தோப்பு இல்லாத வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. ஏப்ரலில் ஒரு சூறைக்காற்றுக்குப் பிறகு கோயம்பேட்டில் மாங்காய் திடீரென மலிவாவதும், மே கடைசியில் நல்ல பங்கனப்பள்ளியும் ருமானியும் எட்டாத விலைக்குப் போவதும் இதே கதையின் அடுத்த அத்தியாயம். காற்று வரும் என்று தெரியாததால் பயந்து முன்கூட்டியே பறித்த காய், பழக்கடைக்கு வரும்போது இனிப்பில்லாமல் இருக்கும். 'இந்த வருஷம் மாம்பழம் டேஸ்ட்டே இல்ல' என்று சொல்வதற்குப் பின்னால் சில நேரம் ஒரு தப்பிய வானிலைத் தகவலும் இருக்கலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட பக்கமும் இருக்கிறது. சித்திரை மாலைகளில் தோப்பில் காய் பறிப்பவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள். மின்னல் அடிக்கும்போது ஒதுங்க அவர்களுக்குக் கிடைப்பது அதே மரத்தடிதான். அதுதான் மிக ஆபத்தான இடமும். தாமினி ஆப் எச்சரிக்கை வந்தாலும் கையில் காயும் வாளியும் இருப்பவர் போனை எடுத்துப் பார்ப்பாரா? தோப்புக்காரருக்கு ஒரு போன் கால் போனால், எல்லாரையும் அவர் இறக்கிவிட முடியும்.

சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் பெரிதாக வரட்டும், கட்டம் 6-லிருந்து 3 கி.மீ. ஆகட்டும். ஆனா அத்தனை கோடி கணக்குகளும் கடைசியில் போய்ச் சேர வேண்டியது, 'நாளைக்கு மருந்து அடிக்கலாமா?' என்று கேட்டு நிற்கும் ஒருவரிடம்தான். அவருக்கு இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்கான ஒரு வரி கிடைக்கிறது. கிடைக்க வேண்டியது, பெயர் தெரிந்த ஒருவரின் பதில். அடுத்த தை மாதம் மரம் பூ எடுப்பதற்குள் அந்த நாற்காலியில் ஆள் உட்காரணும்.